மணல்மேட்டில் தொலைந்த கோல்ஃப் கிளப்பும் எங்க ஊர் மந்தையும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை. பேசியதைப் பெரும்பாலும் பேசியபடியே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)

'விளையாட்டு பற்றி ஏதாவது பேசுங்கண்ணே' என்று சங்கச் செயலாளர் கேட்டார். 'கோல்ஃப் பற்றிப் பேசட்டுமா?' என்றேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு, 'அண்ணே, நீங்க குன்னம்தானே?' என்றார். குன்னத்துக்காரனுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி நியாயமானதுதான். நான் அந்த மட்டையைக் கையால் தொட்டதில்லை. இன்று நான் சொல்லப்போகும் தீவுக்குப் போனதுமில்லை. எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதே. ஆனால் படித்ததிலிருந்து எனக்கு ஒரு தொந்தரவு வந்து சேர்ந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆட்டம் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் குழி தோண்டிக் கோலி ஆடியிருக்கிறோம் அல்லவா, அதையே ஒரு மைல் நீளத்துக்கு இழுத்து, விரலுக்குப் பதில் மட்டையைக் கொடுத்தால் கோல்ஃப். பதினெட்டுக் குழி. எத்தனை அடியில் எல்லாக் குழியிலும் பந்தைப் போட்டு முடிக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. தோற்றவன் முட்டியால் கோலியைத் தள்ள வேண்டும் என்ற நம்ம ஊர்த் தண்டனை மட்டும் அதில் இல்லை. இருந்திருந்தால் துரைமார் பலர் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார்கள்.

நம் நாட்டுக்கு இது சீக்கிரமே வந்துவிட்டது. கல்கத்தா கிளப் 1829ல் தொடங்கியது. பிரிட்டனுக்கு வெளியே அதுதான் மிகப் பழையது. அவர்கள் முதலில் ஆடிய டம்டம் பகுதியில்தான் பிறகு விமான நிலையம் வந்தது. பெங்களூரில் 1876, கொடைக்கானலில் 1895. சென்னையில் ஜிம்கானா கிளப்பார் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்கு உள்ளேயே ஆடினார்கள். 1842ல் ஆரம்பித்த பம்பாய் கிளப் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. கோலார் தங்கவயலில் பல்லாயிரம் தமிழர்கள் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். மேலே அதிகாரிகள் கோல்ஃப் ஆடினார்கள். அந்தச் சுரங்கமும் 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்டது. இவையெல்லாம் நகரம், மலைவாசஸ்தலம், கம்பெனி ஊர். கிராமத்தில் கோல்ஃப் கிளப் இருந்து அது காணாமல் போன கதை வேண்டும் என்றால் ஆட்டம் பிறந்த ஸ்காட்லாந்துக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் ஓர் ஓரத்துக்கு, மேற்குக் கடலில் கிடக்கும் தென் யூயிஸ்ட் என்ற தீவுக்கு. 2011 கணக்கெடுப்பில் அதன் ஜனத்தொகை சுமார் 1,750. நம்ம பக்கத்தில் அதைவிடப் பெரிய கிராமங்கள் பல உண்டு.

அங்கே போவதற்கு முன் குன்னத்தில் ஒரு நிமிடம் நிற்போம். 2020 அக்டோபரில் நம்ம ஊரில் மண் வெட்டிய இடத்தில் உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது ஞாபகம் இருக்கும். கைப்பேசியோடு கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பிறகு விவரம் தெரிந்தவர்கள் வந்து, முட்டையும் இல்லை கிட்டையும் இல்லை, பழைய கடற்படிவில் உருவான உருண்டைகள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காரையில் பொறுக்கிய சங்குக் கல்லும், 1940ல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த சாத்தனூர்க் கல்மரமும் சொல்வது அதுதான். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் நம்ம பருத்திக் கொல்லையெல்லாம் கடல். நாம் உழுவது கடல் விட்டுப்போன நிலம்.

கோல்ஃபும் அப்படிக் கடல் விட்டுப்போன நிலத்தில் பிறந்த ஆட்டம்தான். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் மணல்மேடும் குட்டைப்புல்லுமாகக் கிடக்கும் நிலத்துக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் 'லிங்க்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உழுதால் ஒன்றும் விளையாது. ஆடு மாடு மேயும், பையன்கள் ஆடுவார்கள். நம்ம பாஷையில் சொன்னால் மந்தைவெளி. தென் யூயிஸ்டின் மேற்குக் கரை முழுக்க, சிப்பி நொறுங்கிய வெள்ளை மணல்மேல் புல் படர்ந்த வெளி நீண்டு கிடக்கிறது. அங்கே பேசும் கேலிக் மொழியில் அதற்கு 'மஹர்' என்று பெயர். கடற்பாசியை அள்ளிவந்து எருவாகப் போட்டுக் கொஞ்சம் ஓட்ஸும் பார்லியும் எடுப்பார்கள். கோடையில் பூத்துக் குலுங்குமாம்.

இந்த நிலம் யாருடையது என்பதில்தான் கதையே இருக்கிறது.

1838 வாக்கில் க்ளூனி கோர்டன் என்ற கர்னல் இந்தத் தீவை விலைக்கு வாங்கினார். ஊரோடு, ஜனங்களோடு வாங்குவது. 1846ல் உருளைக்கிழங்கு அழுகல் நோய் வந்து பஞ்சம். வாரம் கொடுக்க முடியாத குடிகளைவிட ஆடு வளர்த்தால் லாபம் என்று அவருக்குத் தோன்றியது. 1851ல், குத்தகை பற்றிப் பேசக் கூட்டம், வராதவர்களுக்கு இரண்டு பவுன் அபராதம் என்று சொல்லி ஜனங்களை லாக்பாய்ஸ்டேல் துறைக்கு வரவழைத்தார்கள். வந்தவர்களைப் பிடித்து 'அட்மிரல்' என்ற கப்பலில் ஏற்றியதாக அந்தக் காலத்துச் சாட்சியங்கள் இருக்கின்றன. ஓடினவர்களைத் துரத்திப் பிடித்துக் கை கட்டினார்களாம். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் அவருடைய தீவுகளிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் கனடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். குவிபெக் போய் இறங்கியபோது உடுத்த துணி இல்லை என்று அங்குள்ளவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வேறு கப்பல்கள் ஞாபகம் வந்தன. நம்ம திருச்சி ஜில்லாவிலிருந்து கங்காணி பின்னால் போய், தலைமன்னாரில் இறங்கி, கண்டிச் சீமைத் தேயிலைக்கு நடந்தவர்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயா ரப்பருக்குப் போனவர்கள். இந்த அவையில் உட்கார்ந்திருப்பவர்களிலேயே 'எங்க தாத்தாவோட அண்ணன் கொழும்புக்குப் போனவர் திரும்பவே இல்லை' என்று சொல்லக்கூடியவர்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள்.

கோல்ஃப் பந்தே அந்த வழியில் வந்ததுதான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முதலில் தோலுக்குள் இறகைத் திணித்துப் பந்து செய்தார்கள். ஒரு பந்து செய்ய நெடுநேரம் ஆகும். விலையும் அதிகம், பணக்காரனுக்குத்தான் கட்டும். 1848 வாக்கில் மலாயாக் காட்டு மரத்தின் பாலில் செய்த குட்டாபெர்ச்சாப் பந்து வந்தது. மரத்தை வெட்டிச் சாய்த்துத்தான் அந்தப் பாலை எடுப்பார்கள். அது மலிவு, சாதாரண ஆளும் வாங்கலாம். 1898ல் அமெரிக்காவில் ரப்பர் நூல் சுற்றிய பந்து வந்தது. அந்த ரப்பருக்குப் பிற்காலத்தில் மலாயாவில் பால் வடித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். ஆட்டத்தில் நமக்குப் பங்கே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சென்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இறகுப் பந்து செய்யும் பட்டறையில் டாம் மாரிஸ் என்று ஒருவர் வேலை பார்த்தார். புதிய மலிவுப் பந்தில் ஆடினார் என்பதற்காக முதலாளிக்கும் அவருக்கும் மனஸ்தாபம் வந்தது. வேலையை விட்டு 1851ல் பிரஸ்ட்விக் ஊருக்குப் போனார். 'அட்மிரல்' கப்பல் புறப்பட்ட அதே 1851. பிறகு 1861, 62, 64, 67 என்று நான்கு தடவை ஓப்பன் சாம்பியன். மைதானம் அமைப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. நாளுக்கு ஒரு பவுன் கூலி, பிரயாணச் செலவு தனி. மண்ணை வெட்டமாட்டார், மேட்டைக் குறைக்கமாட்டார். நடந்து பார்த்து, இங்கே நின்று அடி, அங்கே குழி என்று குச்சி நட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். நம்ம ஊரில் கிணற்றுக்கு நீரோட்டம் பார்ப்பவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1891ல் அந்த எழுபது வயது மனிதரைத் தென் யூயிஸ்டுக்கு அழைத்தவர் லேடி கோர்டன் காத்கார்ட். மேலே சொன்ன கர்னலின் மருமகள். கணவன் இறந்தபின் தீவு அந்த அம்மாளிடம் வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் உடைமைக்காரராக இருந்தும் ஒரே ஒரு முறைதான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார் என்று அங்கே சொல்வார்களாம். தன் விருந்தினரும் வெளியூர்ப் பயணிகளும் வந்து ஆட ஒரு மைதானம் வேண்டும் என்று அவருக்கு ஆசை. மாரிஸ் வந்தார், சில நாள் தங்கினார், அஸ்கெர்னிஷ் என்ற ஊரின் மணல்மேடுகளில் பதினெட்டுக் குழி குறித்துக் கொடுத்தார்.

தம்பிகளா, வருஷத்தைக் கவனியுங்கள். 1886ல்தான் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அந்தச் சிறு குத்தகைக் குடிகளுக்கு, அவர்களை 'க்ராஃப்டர்' என்பார்கள், ஒரு சட்டம் கொடுத்திருந்தது. வாரம் ஒழுங்காகக் கொடுத்தால் விரட்டக் கூடாது, நியாயமான குத்தகை, பிள்ளைக்கு வாரிசு உரிமை. ஐந்து வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, மேய்ச்சல் வெளியில் கோல்ஃப் குச்சி நடுகிறார்கள். இன்னும் நிலத்துக்காகக் காத்திருந்தவர்களோ ஏராளம். அதே அம்மாளுக்குச் சொந்தமான வாட்டர்சே என்ற பக்கத்துத் தீவில், நிலமில்லாதவர்கள் தாங்களாகவே போய்க் குடிசை போட்டு உருளைக்கிழங்கு நட்டார்கள். அதற்காக 1908ல் பத்துப் பேர் எடின்பரோ சிறைக்குப் போனார்கள். ஊரெல்லாம் கொதித்தது. மறுவருஷமே அரசாங்கம் அந்தத் தீவை விலைக்கு வாங்கிக் குடிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. சிறைக்குப் போனால்தான் நிலம் கிடைக்கும் என்பது எல்லா நாட்டுக்கும் பொது போலிருக்கிறது.

ஆக, அந்தக் கோல்ஃப் கிளப் ஊர் ஜனங்கள் கேட்டு வந்ததல்ல. அதனால்தானோ என்னவோ, அது மறைந்தபோது யாரும் ஒப்பாரி வைக்கவில்லை.

மறைந்தது ஒரே நாளில் இல்லை. 1930களில் விமானம் இறங்குவதற்காக ஒரு பகுதியைச் சமன்செய்து ஓடுதளம் ஆக்கினார்கள். 1932ல் அம்மாள் காலமானார். பிறகு போர் வந்தது. அந்தச் சமயத்தில் பிரிட்டன் முழுக்க எத்தனையோ கோல்ஃப் மைதானங்களைத் தானியத்துக்காக உழுதார்கள், விமானப் படைக்குக் கொடுத்தார்கள். சிறு ஊர்க் கிளப்புகள் பல அதோடு சரி, திரும்ப எழுந்திருக்கவே இல்லை. லண்டன் பக்கம் ரிச்மண்ட் கிளப் மட்டும் 1940ல் அசராமல் தற்காலிக விதிகள் போட்டது. நீங்கள் அடிக்கும் நேரத்தில் பக்கத்தில் குண்டு வெடித்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம், ஆனால் ஓர் அடி அபராதம் உண்டு என்று! வெள்ளைக்காரன் கணக்கில் கறார்.

அஸ்கெர்னிஷில் பதினெட்டு குறைந்து குறைந்து, கடைசியில் சமதரையில் ஒன்பது குழி மட்டும் நின்றது. மணல்மேட்டுப் பக்கம் யாரும் போகவில்லை. மைதானம் மறைவது கட்டடம் இடிவது மாதிரி இல்லை. கட்டடம் விழுந்தால் செங்கலாவது கிடக்கும். புல்வெட்டியை இரண்டு வருஷம் நிறுத்தினால் போதும், மைதானம் போய்விட்டது. குழி தூர்ந்துவிடும், புல் முழங்கால் அளவு வளரும், மாடு மேயும். மாரிஸ் போட்ட வரைபடம் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சவில்லை. அந்த வயசான மனிதர் இங்கே வந்து குறித்துக் கொடுத்தார் என்ற பேச்சு மட்டும் ஊர்க்காரர்கள் வாயில் இருந்தது.

2005 டிசம்பரில் கோர்டன் இர்வின் என்ற மைதானப் பராமரிப்பு வல்லுநர் மீன் பிடிக்கும் உத்தேசத்தோடு தீவுக்கு வந்தார். ஊர்க்காரர்கள் மாரிஸ் பெயரைச் சொன்னதும் முதலில் நம்பவில்லை. ஒன்பது குழிச் சமதரையைப் பார்த்து, இதைப் போய் அவர் அமைத்திருப்பாரா என்று நினைத்தார். பிறகு மணல்மேட்டின்மேல் ஏறி நின்று கடல் பக்கம் பார்த்தாராம். இதோ இருக்கிறது என்றாராம். மேடுகளுக்கு நடுவே தட்டையான இடங்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பந்து போகும் தூரத்தில்.

மறுவருஷம் மார்ட்டின் இபர்ட் என்ற வடிவமைப்பாளரும் இன்னும் சிலரும் வந்து, கூலி வாங்காமல் நடந்து நடந்து பதினெட்டையும் குறித்தார்கள். மண் தள்ளும் இயந்திரம் கிடையாது. ரசாயன உரமும் மருந்தும் இல்லை. புல்லை வெட்டினார்கள், அவ்வளவே. பணத்துக்கு வெளிநாட்டு ஆர்வலர்கள் ஆயுள் உறுப்பினரானார்கள். முதல் ஆறு குழி சாதாரண வெளி. ஏழாவதில்தான் மணல்மேடு ஆரம்பிக்கிறது. 2008 ஆகஸ்டில் திறந்தார்கள்.

இது 1891ல் மாரிஸ் போட்ட அதே பதினெட்டா? நிரூபிக்க முடியாது. சந்தேகப்பட்டு எழுதியவர்கள் உண்டு. என் அபிப்பிராயம்: அது பெரிய விஷயமே இல்லை. மாரிஸே மண்ணைப் பார்த்துத்தான் குறித்தார், இவர்களும் அதே மண்ணைப் பார்த்துத்தான் குறித்தார்கள்.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. திறக்கும்போது க்ராஃப்டர்களில் ஒரு சாரார் எதிர்த்தார்கள். 'இது எங்க மேய்ச்சல் நிலம். ஒருதரம் ஜமீன் எடுத்துக்கொண்டது போதும், இன்னொரு தரம் கோல்ஃபுக்குக் கொடுக்கமாட்டோம்' என்பது அவர்கள் கட்சி. ஊர் இரண்டுபட்டது, விவகாரம் சட்டத் தகராறு வரைக்கும் போனது. இன்னொரு சாரார், அவர்களும் க்ராஃப்டர் பிள்ளைகள்தான், 'நாலு பேர் வந்து போனால் தங்கும் விடுதி நடக்கும், நம்ம பசங்க கிளாஸ்கோவுக்குப் போகாமல் இங்கேயே இருப்பார்கள்' என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. நான் அங்கே பிறந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மாடு வைத்திருந்தால் மாட்டுப் பக்கம்தான் நின்றிருப்பேன்.

நடுவில் நடந்த ஒரு காரியம்தான் இந்தக் கதைக்கே முதுகெலும்பு. 2003ல் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்து, ஊர்ச் சமுதாயம் சேர்ந்து நிலத்தை வாங்க வழி பிறந்தது. 2006 நவம்பர் 30ல் தென் யூயிஸ்ட் ஜனங்கள், பக்கத்துத் தீவுக்காரர்களோடு சேர்ந்து, சுமார் 93,000 ஏக்கர் எஸ்டேட்டை நாலரை மில்லியன் பவுனுக்கு வாங்கிவிட்டார்கள். கர்னல் வாங்கிய நிலம், அம்மாள் குச்சி நட்ட நிலம், இப்போது ஊர்க் கம்பெனிக்குச் சொந்தம். அதன் பெயர் ஸ்டோரஸ் யூயிஸ்ட். ஆகவே 2008ல் அவர்கள் போட்ட சண்டை வீட்டுக்குள் அண்ணன் தம்பி போடும் சண்டை. 1891ல் அப்படி ஒரு சண்டை போடவே யாருக்கும் வாய் இருந்திருக்காது. இன்று கோடையில் ஆட்டம் நடக்கிறது. குளிர்காலத்தில் ஆடு மாடு அதே புல்லில் மேய்கிறது.

சரி, என் தொந்தரவுக்கு வருகிறேன்.

இதைப் படித்து முடித்த அன்று ராத்திரி எங்க ஊர் மந்தை ஞாபகம் வந்தது. ஊருக்குக் கிழக்கே, ஓடைக்கு இந்தப் பக்கம். காலையில் மாடுகள் கூடும், சாயந்திரம் நாங்கள் கூடுவோம். கிட்டிப்புள், கபடி, அப்புறம் ஏதோ ஒரு பொங்கலுக்குக் கம்பு நட்டு வலை கட்டி வாலிபால். 'இளைஞர் மன்றம்' என்று தகரத்தில் பெயர் எழுதிப் புளியமரத்தில் ஆணி அடித்தோம். உறுப்பினர் சந்தா மாதம் ஒரு ரூபாய், அதையும் யாரும் கொடுத்ததில்லை. பொருளாளர் நான்தான், அதனால் தெரியும். அந்த மன்றம் எப்போது கலைந்தது என்று யோசித்தால் தேதி சொல்லத் தெரியவில்லை. யாரும் கலைக்கவில்லை. மாடு குறைந்தது, பையன்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். ஒரு பக்கம் குப்பைமேடு, ஒரு பக்கம் முள்வேலி, ஒரு பக்கம் மக்காச்சோளம். புல்வெட்டியை நிறுத்திய கதைதான்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் காட்டச் சொல்லிக் கேட்டேன். மேய்க்கால் புறம்போக்கு என்று இன்னும் அழகாக எழுதியிருக்கிறது. காகிதத்தில் மந்தை அப்படியே இருக்கிறது, ஒரு ஏர் குறையாமல். அஸ்கெர்னிஷில் நிலம் இருந்தது, வரைபடம் இல்லை. இங்கே வரைபடம் இருக்கிறது, நிலம் இல்லை.

படத்தை எடுத்துக்கொண்டு போய்க் கல்லைத் தேடினேன். கிழக்குக் கல் கிடைத்தது. தெற்கே எங்கள் கொல்லை. அங்கே நிற்க வேண்டிய கல், வரப்பில் இல்லை. வரப்பைத் தாண்டி உள்ளே, எங்கள் சோளத்துக்கு நடுவில் இருக்கிறது. நாப்பது அடி, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அப்பா காலத்தில் நகர்ந்த வேலி. அப்பா நல்லவர், யார் சொத்துக்கும் ஆசைப்படாதவர் என்று ஊரே சொல்லும். நானும் பல மேடையில் சொல்லியிருக்கிறேன். அந்த நாப்பது அடியில் விளைந்த பருத்தியில்தான் என் விடுதிக் கட்டணம் கட்டியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்தக் கல்லூரி விடுதிக் கட்டணம்.

அண்ணனிடம் சொன்னேன். 'ஏன்டா, அம்பது வருஷத்து வேலிய இப்பப் போயி நோண்டுற? நம்ம ஒருத்தன்தான் புடிச்சிருக்கமா? மேக்க பாரு, வடக்க பாரு' என்றார். வாஸ்தவம். எல்லாப் பக்கமும்தான் வேலி நகர்ந்திருக்கிறது. 'மொதல்ல அவனுவ விடட்டும், அப்புறம் நாம விடுவோம்' என்றார். அண்ணியோ, 'விட்டா மட்டும் மாடா வந்து மேயப் போவுது? இன்னொருத்தன் புடிப்பான்' என்றார்கள். அதுவும் வாஸ்தவம். லேடி காத்கார்ட் மாதிரி வெளியிலிருந்து ஒருவர் வந்து பிடுங்கியிருந்தால் கோபப்படச் சுலபம். இங்கே பிடுங்கியவர்கள் நாங்களே. கோபப்பட ஆள் கிடைக்கவில்லை.

சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர், 2011 ஜனவரி 28ல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் கொடுத்த தீர்ப்பைச் சொன்னார். ஊர்ப் பொது நிலத்தை எத்தனை காலம் பிடித்து வைத்திருந்தாலும் அது உரிமை ஆகாது, அகற்றி ஊருக்கே திருப்பித் தர மாநில அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்பது அதன் சாரம். பஞ்சாப் குளத்தைப் பற்றிய வழக்கு. நம்ம ஊர் மந்தைக்கும் பொருந்தும். தீர்ப்பு வந்து இத்தனை வருஷம் ஆகியும் மந்தையில் சோளம்தான் நிற்கிறது என்பது வேறு விஷயம். கிராம சபையில் தீர்மானம் போடலாம், அளந்து கல் நடக் கேட்கலாம். யார் கேட்பது? கேட்பவன் வேலி முதலில் பிரிய வேண்டும்.

அண்ணனுக்கும் எனக்கும் நாலு மாசம் பேச்சு சரியில்லை. இந்த வருஷம் சோளம் அறுத்தபின் தெற்கு வேலியைப் பழைய கல்லுக்குப் பின்னால் நகர்த்திக்கொள்வது என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: சர்வேயர் வந்து நாலு பக்கமும் அளக்க வேண்டும், எங்கள் பக்கத்தை மட்டும் அளக்கக் கூடாது. நியாயம்தான். மற்ற மூன்று பக்கத்துக்காரர்களிடமும் பேசிப் பார்த்தேன். ஒருவர் சரி என்றார், ஒருவர் சிரித்தார், ஒருவர் காப்பி கொடுத்து அனுப்பினார்.

அளவைக்குப் பணம் கட்டியாகிவிட்டது. தேதி வந்ததும் சங்கத்துக்குத் தெரிவிக்கிறேன். தம்பிகளில் யாருக்காவது குன்னம் பக்கம் வர வசதிப்பட்டால் வாருங்கள். சங்கிலி பிடிக்க ஆள் வேண்டும்; முள் வெட்ட இரண்டு பேர் வந்தால் இன்னும் நல்லது. மதியச் சாப்பாடு அண்ணன் வீட்டில். அவர் இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை, ஆனாலும் சாப்பாடு போடுவார்.